பாட்டுக்கு மூச்சு விடும் வெளிச்சம்: சென்சரி அறையில் இசையால் ஒளியை இயக்கும் முறை

ஊர் நோம்பியில் (திருவிழாவில்) ஜமாப் மேளம் அடிக்கும்போது கூடவே துடிக்கிற சீரியல் செட்டும், சிறப்புப் பள்ளியின் சென்சரி அறையில் (ஒளி, ஒலி, தொடுதல் வழியே புலன்களை அமைதிப்படுத்தும் அறை) ஒரு குழந்தை பாயில் படுத்துப் பார்க்கிற வெளிச்சமும் செய்கிற வேலை ஒன்றுதான்: ஒலியை வாங்கி, அதன் உரப்பை அளந்து, அதற்குத் தக்கபடி விளக்கை ஏற்றி இறக்குவது. எவ்வளவு வேகமாக ஏற்றி இறக்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடையில் ‘மியூசிக் லைட்’ என்று விற்கிற ரெடிமேட் பெட்டிகள் நோம்பிக்கென்றே செய்தவை. அடிக்கு ஒரு பளிச். அதை அப்படியே சென்சரி அறையில் மாட்டினால் சில குழந்தைகள் கண்ணைப் பொத்திக்கொள்வார்கள், சிலர் அறையை விட்டே ஓடுவார்கள். வலிப்பு உள்ள குழந்தைக்கு அது ஆபத்தாகவும் முடியலாம். இங்கே வெளிச்சம் தாளத்தின் பின்னால் ஓட வேண்டியதில்லை. பாடுகிறவர் மூச்சை இழுத்து விடுகிற வேகத்தில் ஏறி இறங்கினால் போதும்.

சென்சரி அறை என்ற யோசனையே அப்படிப் பிறந்ததுதான். 1970களில் நெதர்லாந்தில் யான் ஹுல்செக்கே, அட் வெர்ஹூல் இருவரும் இதற்கு ‘ஸ்னூசெலன்’ என்று பெயர் வைத்தார்கள். முகர்ந்து பார்ப்பது, கண்ணயர்வது என்ற பொருளுள்ள இரண்டு டச்சுச் சொற்களைக் கோத்த பெயர் அது. எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது என்பதை உள்ளே இருப்பவர் தீர்மானிக்க வேண்டும்; கருவி அவரைத் துரத்தக் கூடாது.

வயரைத் தொடும் முன் எல்லைக்கோடு

ஒளி மின்னுவதால் வலிப்பு வருகிறவர்களுக்குப் பொதுவாக வினாடிக்கு 3 முதல் 30 முறை வரை மின்னுவது ஆபத்து. 15 முதல் 25 வரை மிக மோசம். அடர் சிவப்பு மின்னினால் இன்னும் மோசம். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் வினாடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி வந்த சில வினாடிக் காட்சியைப் பார்த்து 600க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அதனால் நாம் வைத்துக்கொள்ளும் கணக்கு இது: அமைதி நேரத்தில் ஒரு ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து 2 வினாடிக்குக் குறையக் கூடாது. வெளிச்சம் 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கவும் கூடாது, 50க்கு மேலே ஏறவும் கூடாது. முழு இருட்டிலிருந்து வெளிச்சம் கிளம்புவதுதான் குழந்தையைத் திடுக்கிட வைக்கிறது. அடியில் 15 சதவீதம் எப்போதும் எரிந்துகொண்டிருந்தால் அந்தத் திடுக்கிடல் இருக்காது. நிறம் மாறுவதற்குக் குறைந்தது 10 வினாடி கொடுங்கள். தனிச் சிவப்பை நிறப்பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

குழந்தைக்கு வலிப்பு வந்ததுண்டா என்று பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வையுங்கள். உண்டு என்றால், குழந்தையைப் பார்க்கும் டாக்டர் சொல்லாமல் இசையோடு ஒளி வேண்டாம். அசையாத மங்கல் வெளிச்சமே போதும்.

வாங்க வேண்டியவை

10க்கு 12 அடி அறை, ஒரு சுவரில் 5 மீட்டர் ஒளிப்பட்டை, ஒரு மூலையில் பபிள் ட்யூப் (தண்ணீரில் குமிழ் ஏறும் ஒளிக் குழாய்) என்று வைத்துக்கொள்வோம்.

- ஈ.எஸ்.பி.32 போர்டு (ஒலியைக் கணக்கிட்டு விளக்கை இயக்கும் சின்னக் கணினி) 1. பழைய சாதாரண வகையே வாங்குங்கள். எஸ்2, சி3 வகைகள் இந்த வேலைக்குத் தோதுப்படாது.
- டபிள்யூ.எஸ்.2812பி எல்.ஈ.டி. ஸ்ட்ரிப், மீட்டருக்கு 60 விளக்கு, 5 மீட்டர்
- 5 வோல்ட் 10 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். (230 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் பவர் சப்ளை) 1
- 1000 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் கெபாசிட்டர் 1, 330 ஓம் ரெசிஸ்டர் 1, 74ஏ.எச்.சி.டி.125 ஐ.சி. 1
- 7.5 ஆம்பியர் ஃபியூஸ், அதன் ஹோல்டர்
- ஒலிக்கு: பி.சி.எம்.1808 போர்டு (வயர் வழியே வரும் ஆடியோவை எண்களாக்குவது) அல்லது ஐ.என்.எம்.பி.441 மைக், இரண்டில் ஒன்று
- 3.5 மில்லிமீட்டர் ஆடியோ ஸ்ப்ளிட்டர், உள்ளங்கை அளவு புஷ் பட்டன் 1

ஸ்ட்ரிப்பை வெறுமனே ஒட்டினால் ஒவ்வொரு விளக்கும் ஊசி மாதிரி கண்ணைக் குத்தும். பால் நிற மூடியுள்ள அலுமினியச் சட்டம் இருந்தால் நல்லது. இல்லையென்றால் திருப்பூர் காதர்பேட்டையில் கிடைக்கிற வெள்ளை பனியன் துணியை ஒரு மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஸ்ட்ரிப்புக்கு 4 அங்குலம் முன்னால் நிறுத்துங்கள். புள்ளிகள் கரைந்து ஒரே படலமாகத் தெரியும். துணி ஸ்ட்ரிப்பில் உரசவும் கூடாது, எஸ்.எம்.பி.எஸ்.ஸை மூடவும் கூடாது.

கரண்ட் கணக்கு

ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் இழுக்கும். 300 விளக்குக்கு 18 ஆம்பியர். நாம் பாதிக்கு மேல் ஏற்றப் போவதில்லை, முழு வெள்ளையும் காட்டப் போவதில்லை என்பதால் 10 ஆம்பியர் சப்ளை தாராளம். சாஃப்ட்வேரில் உச்ச வரம்பை 4000 மில்லி ஆம்பியரில் கட்டி வையுங்கள். யாராவது தெரியாமல் வெளிச்சத்தை முழுக்கத் தள்ளினாலும் அது தானாகவே அடங்கிவிடும்.

1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் ஸ்ட்ரிப்பின் இரண்டு முனைக்கும் 5 வோல்ட் கொடுங்கள். ஒரு முனையில் மட்டும் கொடுத்தால் கடைசி விளக்குகளில் வோல்டேஜ் குறைந்து முதலில் நீலம் செத்துப்போகும். வெள்ளை, மஞ்சளும் சிவப்புமாகக் காட்டும். கெபாசிட்டர் ஸ்ட்ரிப் ஆரம்பத்தில் பிளஸ், மைனஸ் குறுக்கே. ரெசிஸ்டர் டேட்டா வயரில், முதல் விளக்குக்குப் பக்கத்தில். ஈ.எஸ்.பி.32 கொடுப்பது 3.3 வோல்ட் சிக்னல். 5 வோல்ட்டில் ஓடுகிற ஸ்ட்ரிப் 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் அதை உறுதியாகப் புரிந்துகொள்ளும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் 74ஏ.எச்.சி.டி.125. அதை விட்டுவிட்டும் பல நாள் ஓடும். பிறகு ஒரு வெயில் நாளில் காரணமே இல்லாமல் விளக்குகள் கண்டபடி மின்னும். சென்சரி அறையில் நடக்கவே கூடாதது அதுதான்.

230 வோல்ட் பக்கம் எலக்ட்ரீசியன் வேலை. எர்த்தும், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம், பபிள் ட்யூபில் தண்ணீர் இருக்கிறது.

ஒலியை எங்கிருந்து எடுப்பது

பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான்.

மைக் வைப்பது சுலபம். ஐ.என்.எம்.பி.441இல் எஸ்.டி.யை ஈ.எஸ்.பி.32இன் 32ஆம் பின்னுக்கும், டபிள்யூ.எஸ்.ஸை 15க்கும், எஸ்.சி.கே.யை 14க்கும், எல்/ஆர் காலை கிரவுண்டுக்கும், மின்சாரத்தை 3.3 வோல்ட்டுக்கும் கொடுத்தால் முடிந்தது. ஆனால் மைக்குக்குப் பாட்டு எது, மற்றது எது என்று தெரியாது. சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் சுவருக்கு அந்தப்புறம் தறி ஓடும். விசைத்தறி நிமிடத்துக்கு 120, 150 முறை என்று அடித்தால் வினாடிக்கு 2 முதல் 2.5 அடி, அதன் அதிர்வு சுவர் வழியாகவே வந்து குறைந்த அலைவரிசையில் விழும். பாட்டே போடாத அறையில் விளக்கு ‘டக் டக்’ என்று துடித்தால் அது தறி. ஆடிக் காற்று ஜன்னல் சந்தில் ஊதுவது, சீலிங் ஃபேன், மீன் தொட்டி மோட்டாரின் 50 ஹெர்ட்ஸ் உறுமல் எல்லாமே மைக்குக்குப் பாட்டுதான்.

ஆகவே வயர் வழியே எடுங்கள். போனிலிருந்தோ பிளேயரிலிருந்தோ வரும் ஆடியோவை ஸ்ப்ளிட்டரில் இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஸ்பீக்கருக்கும் மற்றதை பி.சி.எம்.1808 போர்டுக்கும் கொடுங்கள். இந்த போர்டில் எல்லோரும் ஒருமுறையாவது தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. அதில் ‘எஸ்.சி.கே.’ என்று அச்சிட்டிருப்பது மைக்கில் இருக்கும் எஸ்.சி.கே. அல்ல, அது மாஸ்டர் கிளாக். மைக்கில் எஸ்.சி.கே.க்குப் போன 14ஆம் பின் இங்கே ‘பி.சி.கே.’ காலுக்குப் போக வேண்டும், போர்டின் எஸ்.சி.கே. ஈ.எஸ்.பி.32இன் 0ஆம் பின்னுக்கு. எல்.ஆர்.சி. 15க்கு, அவுட் 32க்கு. எஃப்.எம்.டி., எம்.டி.0, எம்.டி.1 மூன்றையும் கிரவுண்டில் கட்டுங்கள். 5 வோல்ட், 3.3 வோல்ட் இரண்டும் தனித்தனியே கொடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் கொடுத்துவிட்டு போர்டு செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

போனில் அணுகல்தன்மை அமைப்புக்குள் போய் ‘மோனோ ஆடியோ’வைப் போட்டுவிடுங்கள். ஸ்டீரியோ பாட்டில் புல்லாங்குழல் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், நாம் வாங்குகிற பக்கத்தில் அது இல்லாமல் போகலாம். குழந்தை காதால் கேட்பது வெளிச்சத்தில் வராது.

புளூடூத் ஸ்பீக்கர் வேண்டாம். ஒலி அதில் 150 முதல் 250 மில்லிவினாடி தாமதமாக வரும். வயர் வழியே எடுத்த வெளிச்சம் பாட்டுக்கு முன்னால் ஓடும். மைக் வைத்திருந்தால் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் மைக்கும் தாமதமாகத்தான் கேட்கிறது.

சாஃப்ட்வேர்: இரண்டு நேரங்கள்

டபிள்யூ.எல்.ஈ.டி. என்ற இலவச ஃபர்ம்வேரை (போர்டுக்குள் ஓடும் மென்பொருள்) ஏற்றுங்கள்; ஒலியைக் கேட்கும் ‘ஆடியோரியாக்டிவ்’ பகுதி உள்ள பதிப்பாகப் பாருங்கள். ஸ்ட்ரிப்பின் டேட்டாவை 4ஆம் பின்னில் வையுங்கள். இதில் பட்டனுக்கு வழக்கமாக ஒதுக்கியிருப்பது 0ஆம் பின், அதை பி.சி.எம்.1808க்குக் கொடுத்துவிட்டதால் பட்டனை வேறு பின்னுக்கு மாற்றுங்கள். ஒலி வகை, பின் எண் மாற்றியதும் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மாற்றம் ஏறாது.

எஃபெக்ட் பட்டியலில் ஒற்றைச் சுரக் குறி போட்டவை ஒலியின் உரப்பைப் பார்ப்பவை. இரட்டைச் சுரக் குறி போட்டவை அலைவரிசையைப் பார்ப்பவை. ஒற்றைக் குறியிலிருந்து மட்டும் எடுங்கள், ஏனென்றால் வேகத்தை அடக்கும் ‘டைனமிக்ஸ் லிமிட்டர்’ அவற்றுக்குத்தான் வேலை செய்யும். பெயரில் ‘பீக்’ இருப்பதெல்லாம் உச்சத்தில் பளிச்சிடும். அவற்றைத் தொட வேண்டாம். ‘பிளாஸ்மாய்ட்’, ‘நாய்ஸ்மீட்டர்’ இரண்டில் தொடங்கலாம்.

லிமிட்டரில் இரண்டு எண்கள். ஏறும் நேரம் 80 மில்லிவினாடி, இறங்கும் நேரம் 1400 என்று வந்திருக்கும். அமைதி நேரத்துக்கு 300, 3000 ஆக்குங்கள். ‘ஏ.ஜி.சி.’ எனும் தானியங்கி உரப்புச் சரிசெய்தலை ஆஃப் செய்துவிடுங்கள். அது இருந்தால், பாட்டு முடிந்து தம்புரா மட்டும் மெல்ல ஒலிக்கும்போது ‘சத்தம் போதவில்லை’ என்று அதுவாகவே பெருக்கி, அறை அடங்க வேண்டிய நேரத்தில் வெளிச்சத்தை ஏற்றும். அதற்குப் பதில் ஒலியைப் பெருக்கும் அளவான ‘கெயினை’க் கையால் வையுங்கள்: வழக்கமாகப் போடும் பாட்டின் உச்சத்தில் வெளிச்சம் உங்கள் 50 சதவீதத்தைத் தொட்டால் சரி. பாட்டை நிறுத்தியதும் வெளிச்சம் அசையாமல் நிற்கும்வரை, சிறு சத்தங்களை ஒதுக்கும் ‘ஸ்க்வெல்ச்’சை ஏற்றுங்கள்.

சொந்தமாக நிரல் எழுதுகிறவர்களுக்கு: வினாடிக்கு 22,050 மாதிரிகள், ஒரு தடவைக்கு 512 என்று எடுத்தால் 23 மில்லிவினாடிக்கு ஓர் அளவு கிடைக்கும். புதிய வெளிச்சம் = பழைய வெளிச்சம் + காரணி × (வந்த அளவு − பழைய வெளிச்சம்). ஏறும்போது காரணி 0.088, இறங்கும்போது 0.015. அதாவது கால மாறிலி ஏற 250 மில்லிவினாடி, இறங்க 1500. தவிலில் வினாடிக்கு 6 சொல் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அடிக்கு நடுவே உள்ள 160 மில்லிவினாடியில் இந்தக் கணக்குப்படி விளக்கு சுமார் 10 சதவீதம்தான் இறங்கும். கண்ணுக்கு அது ஒரு மெல்லிய நடுக்கம். இறங்கும் நேரம் 100 மில்லிவினாடியாக இருந்தால் 80 சதவீதம் இறங்கி மறுபடி ஏறும். அதற்குப் பெயர் ஸ்ட்ரோப்.

பாட்டு

எந்தப் பாட்டும் ஆகும் என்று நினைக்காதீர்கள். இப்போதைய சினிமாப் பாட்டுகள் பலவற்றில் ஆரம்பம் முதல் கடைசிவரை உரப்பு ஒரே மட்டம்; விளக்கு 50 சதவீதத்தில் ஏறி அங்கேயே உட்கார்ந்துவிடும், இசை வெளிச்சத்தை நடத்துவதே தெரியாது. தனிப் புல்லாங்குழல், வீணை, துணையில்லாமல் பாடும் தாலாட்டு இவற்றில் வாக்கியத்துக்கு வாக்கியம் இடைவெளி இருக்கும். வெளிச்சம் அங்கே இறங்க இடம் கிடைக்கும். வீட்டில் பாட்டியோ அம்மாவோ பாடியதைப் போனில் பதிந்து கொண்டுவரச் சொல்லுங்கள். குழந்தைக்கு ஏற்கெனவே பழகிய குரல் என்பதால் அறை புதிதாக இருந்தாலும் ஒட்டிக்கொள்வது எளிது.

உடுக்கை நாம் எதிர்பார்ப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது. நாடாவை அழுத்தித் தளர்த்தும்போது அதன் சுருதி வளைந்து போகும். சுருதிக்கு நிறத்தைக் கட்டி, மாற்றத்தை மெதுவாக்கினால் நீலத்திலிருந்து பச்சைக்கு ஒரு சாய்வு கிடைக்கும். இதற்குச் சொந்த நிரல் வேண்டும். தவிலையும் பம்பையையும் அமைதி நேரத்தில் போடாதீர்கள். வள்ளி கும்மி மாதிரி கைதட்டி ஆடும் பாட்டு, பெரிய பிள்ளைகள் எழுந்து ஆடும் நேரத்துக்கு.

சத்தம் குழந்தையின் காது மட்டத்தில் 55 முதல் 65 டெசிபல். சின்ன ஸ்பீக்கர்களில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே அநேகமாக ஒன்றுமே வராது. மைக் வைத்துக் குறைந்த அலைவரிசையில் விளக்கைக் கட்டிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று தேடுகிறவர்கள் பார்க்க வேண்டியது ஸ்பீக்கரை.

குழந்தை தானே இயக்க

எவர்சில்வர் வட்டில் ஒன்றைக் கவிழ்த்து, அடியில் 27 மில்லிமீட்டர் பீசோ தகட்டை (அடியை மின் சிக்னலாக்கும் தகடு) இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டுங்கள். அதன் இரண்டு வயருக்கும் குறுக்கே 1 மெகா ஓம் ரெசிஸ்டர். வேகமாக அடித்தால் பீசோ 3.3 வோல்ட்டுக்கு மேல் கொடுத்து போர்டைக் கொன்றுவிடும். ஆகவே வரிசையில் 10 கிலோ ஓம் ரெசிஸ்டரும், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 3.3 வோல்ட் ஜீனர் டையோடும் போடுங்கள்.

இந்த விளையாட்டில் அமைதி நேரத்துக் கணக்கு பொருந்தாது. தட்டிய 100 மில்லிவினாடிக்குள் வெளிச்சம் கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை என்றால் ‘நான் தட்டினேன், அதனால் வந்தது’ என்ற முடிச்சு குழந்தையின் மனதில் விழாது. ஆனால் வேகமாகத் தட்டிக்கொண்டே இருந்தால் ஸ்ட்ரோப் ஆகிவிடும். இரண்டுக்கும் சேர்த்து வழி: ஏறும் நேரம் 80, இறங்கும் நேரம் 1400, ஒரு தட்டுக்குப் பின் 1 வினாடிக்கு எந்தத் தட்டையும் எண்ணாத ஒரு பூட்டு. குழந்தை தட்டுகிறது, துணிக்குப் பின்னால் நடுவிலிருந்து பச்சை இரண்டு பக்கமும் பரவுகிறது, மெல்ல வடிகிறது. வடிந்து முடியும்வரை பொறுத்திருந்து, அப்புறம் “கண்ணு, இன்னொருக்கா தட்டு பாக்கலாம்” என்றால் போதும். நடுவில் பேசாதீர்கள், அந்த ஒன்றரை வினாடியில்தான் குழந்தை தன் கையையும் சுவரையும் மாறி மாறிப் பார்க்கும்.

பபிள் ட்யூப்

150 மில்லிமீட்டர் விட்டம், ஒன்றரை மீட்டர் உயரக் குழாயில் 26 லிட்டர் தண்ணீர் நிற்கும். பிள்ளைகள் அதைக் கட்டிப்பிடிப்பார்கள். மேலே ஒரு கிளாம்ப் போட்டு சுவரோடு பிணையுங்கள். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடானால் கவலை குறைவு. போர்த் தண்ணீர் ஊற்றினால் சில வாரங்களில் உள்ளே வெள்ளையாக உப்புப் படியும், அக்ரிலிக்கில் சுரண்டினால் கீறல் விழும். ஆர்.ஓ. தண்ணீரே ஊற்றுங்கள்.

இசைக்குத் தக்கபடி குமிழை வேகமாக்கலாம் என்று தோன்றும். ஆகாது. குமிழ் வினாடிக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் ஏறும். மேலே போய்ச் சேர 5 முதல் 7 வினாடி. காற்று பம்ப்பை ஒரே வேகத்தில் ஓடவிட்டு, அடியில் உள்ள விளக்கை மட்டும் இசைக்குக் கட்டுங்கள்.

காற்று பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழேதான் இருக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்கு ஈ.பி.காரர்கள் கரண்டை நிறுத்திய நிமிடமே தண்ணீர் காற்றுக் குழாய் வழியே பின்னால் இறங்கிப் பம்புக்குள் போய்விடும். குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். மீன் தொட்டிக் கடையில் சில பத்து ரூபாய்.

கரண்ட் திரும்பும்போது இன்னொரு வம்பு. டபிள்யூ.எல்.ஈ.டி. வழக்கமாகப் பாதி வெளிச்சத்தில் ஆரஞ்சு நிறத்தோடு சட்டென்று எரியும். அரைத் தூக்கத்தில் இருக்கிற குழந்தைக்கு அது போதும். 15 சதவீத நீலத்தை ஒரு ப்ரீசெட்டாகச் சேமித்து, ‘பூட்’டில் அதுவே வரும்படி வையுங்கள்.

நிறுத்தும் பட்டன், கடைசிச் சோதனை

கதவுக்குப் பக்கத்தில், பெரியவர் கை எட்டும் உயரத்தில் புஷ் பட்டனை வையுங்கள். ஒரே அழுத்தில் அசையாத இளமஞ்சள் வெளிச்சம் வர வேண்டும். போன் ஆப்பை நம்பாதீர்கள், வைஃபை எப்போது போகும் என்று சொல்ல முடியாது. வலிப்பு வந்தால் பட்டனை அழுத்தி, பாட்டை நிறுத்தி, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்க வேண்டாம், கையில் இரும்புச் சாவியும் வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால், அல்லது அதுதான் முதல் தடவை என்றால், 108.

வயர் வழியே எடுத்தும் ஸ்பீக்கரில் உறுமல் கேட்டால் ஆடியோ வயரில் ஒரு ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ மாட்டுங்கள்; ஸ்பீக்கரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இரண்டு வழியில் எர்த் ஆவதால் வருவது அது.

பிள்ளைகள் வருவதற்கு முன், தவில் தனி ஆவர்த்தனம் ஒன்றை அமைதி நேர ப்ரீசெட்டில் ஓடவிட்டு, அறையைப் போனில் ஸ்லோ மோஷனில் 1 நிமிடம் பிடியுங்கள். திரையில் தெரியும் மெல்லிய கோடுகள் எல்.ஈ.டி.யின் இயல்பான துடிப்பு. அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அறை முழுக்க வெளிச்சம் ஏறி இறங்குவதை மட்டும் எண்ணுங்கள். 2 வினாடிக்கு ஒன்றுக்கு மேல் வந்தால் இறங்கும் நேரத்தை இன்னும் 1000 கூட்டி மறுபடி பிடியுங்கள். அந்தத் தவில் கோப்பை போனிலேயே வைத்திருங்கள். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தாலும் போர்டை மாற்றினாலும் முதலில் ஓட வேண்டியது அதுதான்.